அத்தியாயம் 7: மென்பொருள் உரிமம் – வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

ரீசெல்லரிடமிருந்து கொட்டேஷன் வந்ததும் எல்லோருடைய கண்ணும் கடைசி வரிக்குத்தான் போகும். ஜிஎஸ்டி சேர்த்து மொத்தம் எவ்வளவு, எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் என்பதிலேயே பேச்சு முடிந்துவிடும். சிறிய டிசைன் அலுவலகம், ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்சி, டூல்ரூம் நடத்துபவர்கள் அந்த வரியைச் சற்று நேரம் மூடிவைத்துவிட்டு இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். அந்த மென்பொருள் உங்கள் அலுவலகத்தில் உண்மையில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது? பணம் கட்டுவதை நிறுத்துகிற நாளில் உங்கள் கையில் என்ன மிஞ்சும்? இந்த இரண்டுக்கும் விடை வைத்திருப்பவரிடம் தேவையில்லாத உரிமத்தை விற்பது கடினம்.

ஒரு காலத்தில் இந்தக் குழப்பமே கிடையாது. பெட்டியில் சிடி வரும், கணினியில் செருக ஒரு டாங்கிள் வரும். வாங்கிய பதிப்பு வாங்கியவருக்குத்தான். புதிய பதிப்பு வேண்டுமென்றால் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கட்டலாம், வேண்டாமென்றால் பழையதையே பத்து வருஷம் ஓட்டலாம். அந்தக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. ஆட்டோடெஸ்க் 2016 ஜனவரி 31-ஓடு தன் பெரும்பாலான தனி மென்பொருள்களுக்கும், அதே ஆண்டு ஜூலை 31-ஓடு தொகுப்புகளுக்கும் நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தியது. க்ரியோவை விற்கும் பிடிசி, அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் 2018-லும், மற்ற நாடுகளில் 2019-லும் அதே வழிக்கு வந்தது. ப்ரிக்ஸ்கேட் போன்ற சில நிறுவனங்கள் நிரந்தர உரிமத்தையும் விற்கின்றன. ஆகவே “இப்போதெல்லாம் எல்லாமே சந்தாதான் சார்” என்று ரீசெல்லர் சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சந்தா என்றாலே நஷ்டம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அது சரியில்லை. கட்டட ஒப்பந்தக்காரர் சென்ட்ரிங் தகடுகளை ஸ்லாப் போடும் நாட்களுக்கு வாடகைக்கு எடுக்கிறார். யாரும் அவரைக் குறை சொல்வதில்லை. ஆண்டில் இரண்டு மாதம் மட்டும் தேவைப்படும் ஃபினைட் எலிமென்ட் மென்பொருளுக்கு லட்சக்கணக்கில் முதல் போடுவதைவிட, அந்த இரண்டு மாதத்துக்கு வாடகை கொடுத்து, அதை வாடிக்கையாளரின் பில்லிலேயே சேர்ப்பது நல்ல வியாபாரம். அலுவலகம் தினமும் எட்டு மணி நேரம் நம்பி வாழும் மென்பொருளையும் யோசிக்காமல் வாடகைக்கு எடுப்பதில்தான் இழப்பு இருக்கிறது.

முதலில் லாக் ஃபைலைத் திறங்கள்

உயர்விலைப் பொறியியல் மென்பொருள்களில் பல, உரிமங்களைப் பங்கிட ஃப்ளெக்ஸ்நெட் என்ற லைசென்ஸ் மேனேஜரைப் பயன்படுத்துகின்றன. பழகியவர்கள் இன்னும் ஃப்ளெக்ஸ்எல்எம் என்றுதான் சொல்வார்கள். அலுவலகத்தின் ஒரு கணினியில் அது ஓடும். டிசைனர் மென்பொருளைத் திறந்தால் ஓர் உரிமம் அவருக்குப் போகும், மூடினால் திரும்பி வரும். ஒவ்வொரு போக்குவரத்தையும் நேரத்தோடு ஒரு லாக் ஃபைலில் எழுதிவைக்கும். எடுத்துச் சென்றதற்கு ‘அவுட்’, திருப்பித் தந்ததற்கு ‘இன்’, கேட்டுக் கிடைக்காமல் போனதற்கு ‘டினைட்’. மூன்று மாத லாக்கை எடுத்து எக்ஸெல்லில் போட்டால் எந்த ரீசெல்லரும் சொல்ல முடியாத உண்மைகள் தெரியும்.

அதில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை உரிமங்கள் வெளியே இருந்தன என்பதும், அந்த உச்சம் எத்தனை நாட்கள் நீடித்தது என்பதும். ஆறு டிசைனர்கள் இருக்கும் அலுவலகத்தில் ஆறு உரிமங்கள் வேண்டும் என்று தோன்றும். லாக்கைப் பார்த்தால் பெரும்பாலான நாட்களில் மூன்றுக்கு மேல் போயிருக்காது. டெண்டர் சமர்ப்பிக்கும் வாரங்களில் மட்டும் ஐந்தைத் தொட்டிருக்கும். அப்படியானால் மூன்று உரிமங்கள் அடித்தளம். மேலே இருக்கும் இரண்டு, குறுகிய கால வாடகைக்கு உரியவை.

‘டினைட்’ வரிகளை எண்ணும்போது நிதானம் தேவை. உரிமம் கிடைக்காத டிசைனர் ஐந்து நிமிடத்துக்குள் பத்துத் தடவை க்ளிக் செய்தால் பத்து வரிகள் விழலாம். அது ஒரே ஒரு பற்றாக்குறைதான். உரிமத்தை எடுத்துவிட்டுச் சாப்பிடப் போனவர்களும், மாலையில் மூடாமல் வீட்டுக்குப் போனவர்களும் லாக்கில் தெரிவார்கள். அவர்கள்மேல் கோபப்பட வேண்டாம். சும்மா கிடக்கும் உரிமத்தைக் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் திரும்ப வாங்கிக்கொள்ளும் டைம்அவுட் வசதி லைசென்ஸ் மேனேஜரில் உண்டு. எல்லா மென்பொருளும் அதை ஏற்காது. உங்களுடையது ஏற்குமா என்று சப்போர்ட்டில் கேட்டுவிட்டால், புதிய உரிமம் ஒன்று வாங்கும் செலவே மிச்சமாகலாம்.

உள்நுழைவு வழியாக ஓடும் சந்தா மென்பொருள்களுக்கு இந்த லாக் இருக்காது. நிர்வாகிக்கான கணக்கில் பயன்பாட்டு அறிக்கை கிடைக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஒரு மாதம் நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஊகத்தைவிட அது எவ்வளவோ மேல்.

ஆளுக்கு ஒன்றா, அலுவலகத்துக்கு ஒன்றா?

கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் இரண்டு ஷிஃப்ட் ஓட்டும் டூல்ரூம்களுக்கு இந்தப் பகுதி மிக முக்கியம். நெட்வொர்க் உரிமத்தில், காலை ஷிஃப்ட் முடித்தவர் விட்டுப்போன உரிமத்தை இரவு ஷிஃப்ட்காரர் எடுத்துக்கொள்வார். ஓர் உரிமம், இரண்டு சம்பளம். பெயர் குறித்த பயனர் உரிமத்தில் அது முடியாது. உரிமம் ஒருவரின் மின்னஞ்சல் முகவரியோடு கட்டப்பட்டிருக்கும். இரண்டு ஷிஃப்டுக்கு இரண்டு சந்தா. ஒரே கடவுச்சொல்லை இருவரும் பகிர்ந்துகொள்வது ஒப்பந்தத்தை மீறுவது. இரண்டு இடங்களிலிருந்து மாறி மாறி உள்நுழைவது நிறுவனத்தின் கண்ணில் எளிதாகப் படும்.

ஆட்டோடெஸ்க் 2020 ஆகஸ்டில் பலர் பகிரும் நெட்வொர்க் சந்தாவைக் கைவிடத் தொடங்கியபோது, அப்படியான ஒரு சந்தாவுக்கு ஈடாகப் பெயர் குறித்த இரண்டு சந்தாக்களை மாற்றித் தந்தது. ஒன்றை இருவர் பகிர்ந்த அலுவலகங்களுக்கு அது போதும். ஒன்றை நான்கு பேர் நேரம் பார்த்துப் பகிர்ந்த அலுவலகங்களுக்குச் செலவு ஏறியது. உங்கள் மென்பொருளின் உரிம முறை மாறப்போவதாகக் கடிதம் வந்தால், “ஒரு நெட்வொர்க் உரிமத்தை எங்களில் எத்தனை பேர் பகிர்கிறோம்?” என்ற எண்ணைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். லாக் ஃபைலைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவருக்குப் பேரம் பேச ஆதாரம் இருக்கிறது.

கணக்கு

புரிந்துகொள்ள ஒரு மாதிரிக் கணக்கு. நிரந்தர உரிமம் 100 ரூபாய், இரண்டாம் ஆண்டிலிருந்து பராமரிப்பு ஆண்டுக்கு 20, வாடகை ஆண்டுக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு 100-க்கு 40. மூன்றாம் ஆண்டு முடிவில் 140-க்கு 120. நான்காம் ஆண்டில் இரண்டும் 160-இல் சந்திக்கும். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் வாடகைக்காரர் 20 அதிகம் கட்டுவார். பராமரிப்பே வேண்டாம், வாங்கிய பதிப்பு போதும் என்பவருக்கு இரண்டரை ஆண்டிலேயே வாடகை விலையைத் தொட்டுவிடும். உங்கள் கொட்டேஷனில் உள்ள எண்களை இதே இடத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டு செலவும் எந்த ஆண்டில் சமமாகின்றன, அந்த ஆண்டு வரை அந்த வேலை உங்களிடம் இருக்குமா என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். இரண்டு வருட ஒப்பந்தத்துக்காக மட்டும் தேவைப்படும் மென்பொருளை வாடகைக்கு எடுங்கள், தயக்கமே வேண்டாம்.

கணக்கில் பலர் விட்டுவிடும் ஒன்று உண்டு. பராமரிப்பை இடையில் நிறுத்திவிட்டு, சில ஆண்டுகள் கழித்துப் புதிய பதிப்புக்குத் திரும்ப நினைத்தால், விட்டுப்போன ஆண்டுகளின் பாக்கியையோ அபராதத்தையோ கேட்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. சில நிறுவனங்கள் திரும்ப வர வழியே தருவதில்லை. அப்போது சந்தாதான் கதி. நிறுத்துவதற்கு முன் இதை மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். வாய்மொழியாகச் சொன்ன விற்பனைப் பிரதிநிதி அடுத்த வருஷம் வேறு கம்பெனியில் இருப்பார்.

டோக்கன் என்னும் சில்லறை

நாள் கணக்கில், வேலைக் கணக்கில் வாடகை கொடுக்கும் முறை இப்போது பரவியிருக்கிறது. முன்பணமாக டோக்கன்கள் வாங்கிவைக்க வேண்டும்; மென்பொருளைத் திறக்கும்போது கழியும். ஆட்டோடெஸ்க் 2021-இல் கொண்டுவந்த ஃப்ளெக்ஸ் முறையில் ஆட்டோகேடுக்கு நாளொன்றுக்கு 7 டோக்கன் என்று விகிதம் வைத்தார்கள். பத்து நிமிடம் ஒரு டிராயிங்கைப் பார்க்கத் திறந்தாலும் அதே 7 தான், நாள் முழுக்க வரைந்தாலும் அதே 7 தான். ஆகவே டோக்கன்காரர்களுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும்: பார்ப்பதற்கு மட்டும் என்றால் இலவச வ்யூவரில் பாருங்கள், வரையும் வேலைகளைச் சேர்த்துவைத்து ஒரே நாளில் முடியுங்கள். டோக்கன்களுக்கு ஓராண்டுதான் ஆயுள் என்பதால் மலிவாகக் கிடைக்கிறது என்று மூட்டையாக வாங்கிப் பயனில்லை. விகித அட்டவணையை நிறுவனம் மாற்ற முடியும். வாங்கும் நாளன்று இருக்கும் அட்டவணையைச் சேமித்து வையுங்கள். ஓராண்டுச் சந்தா விலையை ஒரு நாள் டோக்கன் செலவால் வகுத்தால் வரும் எண்தான் எல்லைக்கோடு. அதைவிட அதிக நாட்கள் திறப்பவருக்கு ஆண்டுச் சந்தா. குறைவாகத் திறப்பவருக்கு டோக்கன்.

அனாலிசிஸ் மென்பொருள்களில் டோக்கன் வேறு விதமாக ஓடும். அபாகஸ் தீர்வியில் ஒரு கோரில் ஓட்டினால் 5 டோக்கன், இரண்டில் 6, நான்கில் 8, எட்டில் 12, பதினாறில் 16. கோர் இரட்டிப்பாகும்போது டோக்கன் இரட்டிப்பாவதில்லை என்பதைக் கவனியுங்கள். 12 டோக்கன் வைத்திருக்கும் அலுவலகம், ஒரு பெரிய வேலையை எட்டுக் கோரில் ஓட்டலாம், அல்லது இரண்டு சிறிய வேலைகளை இரண்டிரண்டு கோரில் ஒன்றாக ஓட்டலாம். பகலில் சிறியவை, இரவில் வரிசையில் நின்று பெரியவை என்று ஒழுங்குபடுத்திக்கொண்டால் கூடுதல் டோக்கன் இல்லாமலே வேலை நடக்கும். அன்சிஸில் எண்ணும் விதம் வேறு: மெக்கானிக்கல் உரிமத்தோடு நான்கு கோர் வரும், அதற்கு மேல் போக எச்பிசி பேக் தனி. ஒரு பேக் கூடுதலாக 8 கோர் தரும், இரண்டு பேக் 32, மூன்று 128. 12 கோருக்கு மேல் இல்லாத வொர்க்ஸ்டேஷனுக்கு இரண்டாவது பேக்கை வாடகைக்கு எடுப்பது வீண்.

நம் ஸ்ட்ரக்சுரல் அலுவலகங்களுக்கு நன்கு பழக்கமான ஸ்டாட் ப்ரோவிடம் இன்னொரு எச்சரிக்கை தேவை. அதை விற்கும் பென்ட்லியின் உரிம முறையில், எண்ணிக்கையைத் தாண்டினால் மென்பொருள் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று நம்பி இருக்கக் கூடாது. கூடுதலாகத் திறந்ததற்குப் பின்னால் பில் வரலாம். எல்லை தாண்டும்போது எச்சரிக்கும் அமைப்பை நிர்வாகக் கணக்கில் முதல் நாளே போட்டுவிடுங்கள். புதிதாகச் சேரும் ஜூனியர் இன்ஜினியருக்கும் காரணத்தோடு சொல்லிவையுங்கள்.

வாடகை நின்ற மறுநாள்

இந்த அத்தியாயத்தில் நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். கட்டடம் ஐம்பது ஆண்டு நிற்கும். அச்சு பத்து ஆண்டு ஓடும். மாடி கூட்ட வேண்டும் என்றோ, அச்சில் ஒரு செருகு மாற்ற வேண்டும் என்றோ வாடிக்கையாளர் திரும்பி வரும்போது அந்த ஃபைலை உங்களால் திறக்க முடிய வேண்டும். உரிமம் வாடகைதான், அதில் செய்த வேலை உங்களுடையது. அதைப் பூட்டிய அறைக்குள் விட்டுவிட்டு வெளியே வரக் கூடாது.

எல்லா ஃபைலும் ஒரே மாதிரி பூட்டிக்கொள்வதில்லை. ஸ்டாட் ப்ரோவின் எஸ்டிடி ஃபைல் வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தாலே கணு, உறுப்பு, சுமை எல்லாவற்றையும் படிக்கலாம். அபாகஸின் ஐஎன்பி ஃபைலும் அப்படியே. அதை ஒத்த உள்ளீட்டு வடிவத்தை கால்குலிக்ஸ் என்ற திறமூலத் தீர்வியும் படிக்கும். ஈடாப்ஸில் சேமிக்கும் மூல ஃபைலை நோட்பேடில் படிக்க முடியாது. ஆனால் இ2கே என்ற எழுத்துக் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். ஒவ்வொரு வேலையையும் ஒப்படைக்கும்போது அந்த ஏற்றுமதியையும், முழுக் கணக்கறிக்கையின் பிடிஎஃப்பையும் சேர்த்துவைப்பதை அலுவலக விதியாக்குங்கள்.

முப்பரிமாண மாடல்களில் சிக்கல் பெரிது. சாலிட்வொர்க்ஸ், க்ரியோ போன்றவற்றின் ஃபைல்களைத் திருத்த அந்தந்த மென்பொருளே வேண்டும். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு பொதுவாகத் திறக்காது. அதனால் ஸ்டெப் வடிவத்தில் ஒரு பிரதி எடுத்துவைக்க வேண்டும். ஐஎஸ்ஓ 10303 என்ற பன்னாட்டுத் தரம் அது; ஏறக்குறைய எல்லா கேட் மென்பொருளும் படிக்கும். ஆனால் ஸ்டெப்பில் முக்கியமாக வடிவம்தான் போகும். எந்த ஸ்கெட்சிலிருந்து எந்த அளவில் இழுத்தோம், எந்த வரிசையில் துளை போட்டோம் என்ற ஃபீச்சர் வரலாறு போகாது. முக்கியமான அளவுகளை டிராயிங்கில் எழுதி பிடிஎஃப்பாகவும் வைத்தால், திரும்ப வரையும் நாளில் பாதி வேலை குறையும். கட்டட மாடல்களுக்கு ஐஎஃப்சி, இருபரிமாண வரைபடங்களுக்கு டிடபிள்யூஜி. டிடபிள்யூஜி-யைத் திறக்கும் மாற்று மென்பொருள்கள் நிறைய இருப்பதால் அந்தப் பக்கம் கவலை குறைவு.

இதைச் செய்ய வேண்டிய நேரம் உரிமம் உயிரோடு இருக்கும்போதுதான். காலாவதியான மறுநாள் ஏற்றுமதி பட்டனை அழுத்த யாராலும் முடியாது.

பணம் கட்டும் இடத்தில்

வெளிநாட்டுத் தளங்களில் கார்டு வழியாகச் சந்தா எடுப்பவர்கள், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். தானியங்கிப் பற்றுக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் புதிய விதிகளை நடைமுறைப்படுத்தியது. 2022 ஜூனில் வரம்பை 15,000 ரூபாயாக உயர்த்தியது. அந்த வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி போன்ற கூடுதல் உறுதிப்படுத்தல் வேண்டும். பொறியியல் மென்பொருளின் ஆண்டுச் சந்தா பெரும்பாலும் இந்த வரம்பைத் தாண்டியே இருக்கும். கார்டு யாருடையதோ அவர் ஊரில் இல்லாத நாளில் பற்று தோற்றுப்போய், டெண்டர் வாரத்தில் மென்பொருள் நின்றுவிடக்கூடும். புதுப்பிப்புத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே காலெண்டரில் குறித்துவையுங்கள். ரீசெல்லர் வழியாக ரூபாயில் பில் வாங்குவது சற்று விலை கூடினாலும் சிறு அலுவலகத்துக்கு நல்லது. டாலர் ஏற்ற இறக்கமும் இல்லை, ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவும் நேராகக் கிடைக்கும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் வெளிநாட்டிலிருந்து நேரடியாக வாங்கினால், ரிவர்ஸ் சார்ஜ் முறையில் வரியைத் தானே கட்டிப் பிறகு வரவு எடுக்க வேண்டியிருக்கும்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகையில் டிடிஎஸ் பிடிக்க வேண்டுமா என்று பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 2-இல், என்ஜினியரிங் அனாலிசிஸ் சென்டர் ஆஃப் எக்சலன்ஸ் வழக்கில், பயனர் ஒப்பந்தத்தின்படி மென்பொருளைப் பயன்படுத்த வெளிநாட்டு விற்பனையாளருக்குக் கொடுக்கும் தொகை, இரு நாட்டு வரி ஒப்பந்தங்களின்படி ராயல்டி ஆகாது, அதில் வரிப் பிடித்தமும் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. உங்கள் ஒப்பந்தத்தை ஆடிட்டரிடம் காட்டி இது பொருந்துமா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வாங்கிய உரிமம் சொத்தாகி ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானம் பெறும். சந்தா அந்த ஆண்டின் செலவாகவே போகும். லாபம் கூடிய ஆண்டில் எது நல்லது என்பதையும் அவரே சொல்வார்.

கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் நாட்டு எல்லையையும் இணையத் தேவையையும் தேடிப் படியுங்கள். இந்தியாவுக்கென்று வாங்கிய உரிமத்தை வளைகுடாவில் சைட் வேலைக்குப் போன இன்ஜினியர் திறந்தால் மீறலாகலாம். ஆட்டோடெஸ்க் சந்தா 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு பேச வேண்டும். சிக்னல் இல்லாத அணைக்கட்டுத் தளத்துக்குப் போகும் லேப்டாப்பைப் புறப்படும் முன் இணைத்துவிட்டுப் போங்கள். கூடவே, புதுப்பிக்கும்போது விலை எத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்ற வரியை எழுதிக் கேளுங்கள். மென்பொருள் நிறுவனங்களே கைமாறிக்கொண்டிருக்கும் காலம் இது. 2025-இல் மட்டும் ஆல்டேர் சீமென்ஸிடமும், அன்சிஸ் சினாப்சிஸிடமும் போயின. முதலாளி மாறும்போது உரிம விதிகளும் மாறலாம். எழுத்தில் வாங்கிய வரம்பு உங்களைக் காக்கும்.

இவ்வளவு செலவா என்று மலைத்து கிராக் செய்த பதிப்பை நாடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவது குற்றம். 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். மாணவர் பதிப்பில் கட்டண வேலை செய்வதும் ஒப்பந்தத்தை மீறுவதே. கையில் பணம் இல்லாதவருக்கு நேர்மையான வழிகள் இருக்கின்றன: 2024 நவம்பரில் 1.0 பதிப்பைத் தொட்ட ஃப்ரீகேட், கால்குலிக்ஸ், ஓப்பன்ஃபோம், சில நிறுவனங்கள் புதிய ஸ்டார்ட்அப்களுக்குத் தரும் சலுகை உரிமங்கள். பழக நேரம் பிடிக்கும், ஆனால் அவற்றில் செய்த வேலையை யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை. பிறர் குடியிருக்கும் கட்டடத்தின் கணக்கில் உங்கள் பெயரும் கையெழுத்தும் இருக்கின்றன. அந்தக் கணக்கை யாரோ உடைத்துத் திருத்திய மென்பொருளில் போடாதீர்கள்.